"ஐ'ம் இன்டு இட்"டுக்கு இத்தாலியன்ல என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இங்லீஷ்லேர்ந்து இத்தாலியனுக்கு சப்டைட்டில் போடற வேலை பாக்குறேன், கூடவே கத்துக்கறவங்களுக்கு வாரத்துல ரெண்டு நாள் சொல்லியும் தர்றேன். கிராமர்ல யாரும் பெருசா மாட்டறதில்ல, ஆனா தனக்கு எது பிடிக்கும், எதுக்குப் பைத்தியம், எது தனக்கு ஒத்து வராதுன்னு இங்லீஷ்ல சாதாரணமா சொல்றத இத்தாலியன்ல சொல்லப் போனா எல்லாரும் ஒரே இடத்துலதான் வழுக்கி விழறாங்க. திரும்பத் திரும்ப அதே கேள்விக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துப் போயிதான் இத எழுதி வைக்கிறேன்.

இத்தாலியன தமிழ் எழுத்துல போட்டிருக்கீங்களே, இத எப்படி வாசிக்கறது?

நடுவுல ஒத்தையா வர்ற "த" மெதுவா வரும், "அது"ங்கற வார்த்தைல வர்ற மாதிரி. "த்த"ன்னு வந்தா வலுவா. கூடவே ஒண்ணு, இத்தாலியன்ல இரட்டை மெய்ய நிஜமாவே இரட்டையா அழுத்திச் சொல்லணும், "பட்டு", "பாட்டு" சொல்ற நமக்கு அது கஷ்டமே இல்ல, இங்லீஷ் வழியா படிச்சவங்கதான் அத விழுங்கிடறாங்க. மத்தபடி இது தோராயம்தான், ஒரு தடவ யாராவது இத்தாலிக்காரங்க பேசறத கேட்டுக்கோங்க.

"ஐ லைக்"ல இருக்கற "நான்" இத்தாலியன்ல எங்க போச்சு?

எங்கயும் போகல, "எனக்கு" ஆயிடுச்சு. "மி பியாச்சே லா மூஸிக்கா", அதாவது "எனக்கு மியூசிக் பிடிக்கும்". "மி"ன்னா எனக்கு. இங்லீஷ்காரங்களுக்கு இத விளங்க வைக்க அரை மணி நேரம் ஆகும், நமக்கு ஒரு நிமிஷம் போதும், ஏன்னா நாமளும் "நான் மியூசிக்கைப் பிடிக்கிறேன்"னு சொல்றதில்லையே. ஆனாலும் நம்ம ஆளுங்க மனசுக்குள்ள இங்லீஷ் வாக்கியத்த வச்சுக்கிட்டு "யோ பியாச்சோ"ன்னு ஆரம்பிக்கறாங்க. அதுக்கு அர்த்தம் "என்னை எல்லாருக்கும் பிடிக்கும்". தற்பெருமையா போயிடும்.

ஒரு வித்தியாசம் மட்டும் ஞாபகம் வச்சுக்கணும். தமிழ்ல ஒரு புக்கா இருந்தாலும் நூறு புக்கா இருந்தாலும் "பிடிக்கும்"தான். இத்தாலியன்ல பிடிச்ச பொருள்தான் எழுவாய், அதனால ஒண்ணுன்னா "மி பியாச்சே", நிறையன்னா "மி பியாச்சொனோ இ லீப்ரி". படிக்கறது, நடக்கறது மாதிரி செயல்னா எத்தனைய அடுக்கினாலும் "மி பியாச்சே"தான். இறந்த காலத்துல அந்தப் பொருளோட ஆண்பால் பெண்பாலும் சேர்ந்துக்கும், பாட்டு பெண்பால்ங்கறதால "மி எ பியாச்சூத்தா லா கன்த்ஸோனே".

ஒருத்தர் முகத்தப் பாத்து "மி பியாச்சி"ன்னு சொல்லிடாதீங்க, அது காதல் பக்கம் போற பேச்சு. "நீங்க நல்ல மனுஷன், உங்களோட பேசறது பிடிச்சிருக்கு"ங்கறதுக்கு "மி ஸ்தாய் சிம்பாத்திக்கோ", பொண்ணா இருந்தா "சிம்பாத்திக்கா".

"ஐ'ம் இன்டு ஜாஸ்"ல அந்த "இன்டு"வுக்கு என்ன வார்த்தை?

வார்த்தை இல்ல. இந்தக் கேள்விலயே சிக்கல் இருக்கு, நீங்க ஒரு சொல்லுக்கு ஒரு சொல் தேடறீங்க. தமிழ்ல மட்டும் "நான் ஜாஸுக்குள்ள இருக்கேன்"னா சொல்றோம்? "இன்டு"ன்னு சொன்னவரு எவ்வளவு தீவிரமா சொன்னாருன்னு பாருங்க, அதுக்குத் தகுந்ததப் போடுங்க.

சும்மா நிறைய கேப்பாருன்னா "அஸ்கொல்த்தோ மோல்த்தோ ஜாஸ்", நிறைய ஜாஸ் கேக்கறேன், அவ்வளவுதான், எளிமையானது பல நேரம் ரொம்ப இயல்பா இருக்கும். இன்னும் கொஞ்சம் உற்சாகம் வேணும்னா "மி பியாச்சே உன் சாக்கோ". சாக்கோன்னா சாக்குதான், மூட்டை, அதாவது மூட்டை மூட்டையா பிடிக்கும். வருஷக்கணக்கா அதுல ஊறினவருன்னா "சோனோ அப்பாஸ்ஸியொனாத்தோ தி ஜாஸ்". ஒரு புக்கோ சீரியலோ இழுத்துப் பிடிச்சு உக்கார வைக்குதுன்னா "மி ப்ரெந்தே", என்னைப் பிடிச்சுக்குது. கவனிச்சீங்களா, இதுலயும் அந்தப் பொருள்தான் செய்யுது, நாம வாங்கிக்கறவங்க.

அப்பாஸ்ஸியொனாத்தோவும் பாஸ்ஸியொனாலேயும் ஒண்ணுதானே?

இல்லவே இல்ல. முதலாவது ஒரு விஷயத்துல ஆழ்ந்த ஆர்வம் உள்ளவரு. ரெண்டாவது உணர்ச்சி வேகத்துல நடந்துக்கறவரு, காதல் விஷயத்துல சொல்றதுதான் அதிகம். "ஐ'ம் பேஷனேட் அபவுட் கணக்கு"ங்கறத "சோனோ பாஸ்ஸியொனாலே"ன்னு எழுதுன ஒரு விண்ணப்பத்த நான் திருத்தியிருக்கேன், அனுப்பறதுக்கு முன்னாடி காட்டினாங்க, பொழச்சாங்க.

ஹாபிக்கு நல்ல இத்தாலியன் சொல் இல்லையா? எல்லாரும் ஹாபின்னே சொல்றாங்களே?

இருக்கு, "பஸ்ஸதேம்போ", நம்ம பொழுதுபோக்குக்கு சொந்தக்காரன், பொழுதக் கடத்தறதுங்கற அதே கட்டுமானம். ஆனா பேச்சுல ஹாபியும் தாராளமா ஓடுது. முதல்ல வர்ற "ஹ" சத்தம் இத்தாலியன்ல கிடையாது, அதனால "ஓபி"ங்கற மாதிரிதான் காதுல விழும். பன்மைக்கு எஸ் சேர்க்காதீங்க, "இ மியேய் ஓபி" போதும், இங்லீஷ்லேர்ந்து கடன் வாங்குன பேர்ச்சொல்லுக்கெல்லாம் பொதுவா இதே வழக்கம்தான்.

இந்த மாதிரி சந்தேகத்துக்கு இத்தாலியர்களே போய் நிக்கற இடம் அக்காதேமியா தெல்லா க்ரூஸ்கா. 1583ல ஃப்ளாரன்ஸ்ல ஆரம்பிச்ச மொழிக் கழகம், 1612ல அவங்க அகராதி வந்துச்சு. க்ரூஸ்கான்னா தவிடு, மாவையும் தவிட்டையும் பிரிக்கற மாதிரி நல்ல சொல்லப் பிரிச்செடுக்கறோம்னு பேரு வச்சுக்கிட்டாங்க. இன்னிக்கும் பொதுமக்கள் அனுப்பற மொழிக் கேள்விக்கு பதில் எழுதிட்டுதான் இருக்காங்க.

"நாட் மை கப் ஆஃப் டீ"ய அப்படியே டீ கப்னு போட்டா என்ன தப்பு?

"நொன் எ லா மியா தாத்ஸா தி தே"ன்னு சொன்னா இன்னிக்கு நிறைய பேருக்குப் புரியும், டப்பிங் வழியா காதுல விழுந்திருக்கு, சிலர் வேணும்னே விளையாட்டா சொல்றதும் உண்டு. ஆனா அதுல இங்லீஷ் வாடை அடிக்கும். பாத்திரம் இங்லீஷ்காரன்னு காட்டணும்னா சரி, நீங்க உங்க சொந்தப் பேச்சுல சொன்னா மொழிபெயர்ப்பு மாதிரி இருக்கும்.

எனக்குப் பிடிச்ச பதில் "நொன் ஃபா பெர் மே", எனக்கானது இல்ல, எனக்கு ஒத்து வராது. எங்க வேணா போடலாம், யாரும் கோச்சுக்க மாட்டாங்க. படம், பாட்டு, புக்குன்னா "நொன் எ இல் மியோ ஜெனெரே", என் வகை இல்ல. கொஞ்சம் படிச்ச தோரணை வேணும்னா "நொன் எ நெல்லே மியே கோர்தே", என் தந்திகள்ல அது இல்ல. என் வீணைல அந்த ஸ்வரம் வராதுங்கற மாதிரி. "அவங்க நல்லாத்தான் பண்ணியிருக்காங்க, என் இயல்புக்குப் பொருந்தல"ன்னு மரியாதையா விலகறதுக்கு இதவிட நல்லது இல்ல.

அப்போ "ரைட் அப் மை ஆலி"? அது எனக்குன்னே செஞ்ச மாதிரின்னு சொல்லணும்.

மேல சொன்னதுல இல்லைங்கறத எடுத்துட்டு "ப்ரோப்ரியோ"ன்னு ஒண்ணு சேருங்க, "ஃபா ப்ரோப்ரியோ பெர் மே". முடிஞ்சது. "பானே பெர் இ மியேய் தென்தி", என் பல்லுக்கேத்த ரொட்டின்னு ஒரு தொடர் இருக்கு, அதையும் இதுக்குப் போடறாங்க. ஆனா அது என் திறமைக்குச் சரியான சவால்ங்கற அர்த்தம், ஒரு கஷ்டமான புதிர் கைல கிடைச்சா சொல்லலாம், மெத்தைல சாஞ்சு பாக்கற காமெடிக்கு சொன்னா சிரிப்பாங்க.

"க்ரேஸி அபவுட்"டுக்கு மூணு நாலு இருக்கு, எத எங்க போடறதுன்னே தெரியல.

நிறைய இருக்கறதுக்குக் காரணம் இத்தாலியன் ஆர்வத்த ஒரு வியாதியாத்தான் பாக்குது. நாமளும் "அதுன்னா பைத்தியம்", "கிரிக்கெட் கிறுக்கு"ன்னுதானே சொல்றோம், அதனால நமக்கு இது அந்நியமே இல்ல. "வாதோ மாத்தோ பெர்" அப்படியே "அதுன்னா எனக்குப் பைத்தியம்". சொல்றது பொண்ணா இருந்தா "வாதோ மாத்தா". அனுபவிக்கற விஷயத்துக்கு நல்லா உக்காரும், சாக்லேட், பழைய படம், மழைல நடக்கறது.

"அவேரே இல் பல்லீனோ" வேற ரகம். பல்லீனோன்னா போச்சேங்கற பந்து விளையாட்டுல முதல்ல வீசற குட்டிப் பந்து, மத்த பெரிய பந்தெல்லாம் அதுக்குப் பக்கத்துல போய் நிக்கணும்னுதான் வீசுவாங்க. ஒருத்தனுக்கு மனசு எப்பவும் ஒரே இடத்தக் குறி வச்சு ஓடுதுன்னா "ஆ இல் பல்லீனோ தெல்லா ஃபொதொக்ரஃபீயா", ஃபோட்டோகிராஃபிதான் அவன் குட்டிப் பந்து. வருஷக்கணக்கான ஆர்வம், அதுல லேசா ஒரு பாசமும் கேலியும். சில நேரம் இயற்கையான கைவாக்குங்கற அர்த்தமும் வரும், வியாபாரத்துல பல்லீனோ இருக்குன்னா வியாபார மூளை இருக்குன்னு.

"ஃபிஸ்ஸா" இப்போதைய வெறி. "ஓ லா ஃபிஸ்ஸா தி" இல்லன்னா "சோனோ இன் ஃபிஸ்ஸா கொன்". ஆணி அடிச்ச மாதிரி மனசு ஒரே இடத்துல மாட்டிக்கிச்சு, கூட இருக்கறவங்களுக்கு தலைவலி, ரெண்டு மாசத்துல போயிடும். "சக்கர் ஃபார்", "சாஃப்ட் ஸ்பாட்" மாதிரி இருந்தா "ஓ உன் தேபொலே பெர்", அதுல எனக்கு ஒரு பலவீனம். நாய்க்குட்டி, பழைய கடிகாரம், மோசமான ஜோக்கு, எல்லாத்துக்கும் போடலாம்.

ஃபுட்பால் ரசிகன "திஃபோஸோ"ங்கறாங்க, அகராதில பாத்தா டைஃபாய்டுன்னு வருது, அகராதி தப்பா?

ரெண்டும் சரி. "தீஃபோ" அந்தக் காய்ச்சலோட பேருதான், ஜன்னி கண்டவன் மாதிரி மைதானத்துல கத்தறவனுக்கும் அதுவே பேராயிடுச்சு. "ஃபாரே இல் தீஃபோ பெர்"னா ஒரு டீமுக்காக ஆதரவு கொடுக்கறது. வெறித்தனமான ரசிகன்னா "திஃபோஸோ ஸ்ஃபெகத்தாத்தோ", இதுல உள்ள இருக்கறது ஃபேகத்தோ, கல்லீரல். கத்திக் கத்தி கல்லீரலே கழண்டு போன ஆளு.

டீம் பேரு சொல்றப்ப ரசிகன்ங்கற வார்த்தையே வேணாம். இன்டர்னா "சோனோ இன்தெரீஸ்தா", யுவென்டஸ்னா "யுவென்தீனோ", ரோமான்னா "ரொமனீஸ்தா". "நான் இன்டரோட ரசிகன்"னு நீட்டி முழக்கினா வெளியூர்க்காரன்னு தெரிஞ்சிடும். பாட்டுக்காரருக்கோ நடிகருக்கோ திஃபோஸோ போடாதீங்க, அங்க "ஃபான்"தான்.

புக்வோர்ம், நைட் அவுல், சோஷியல் பட்டர்ஃப்ளை, இந்த மிருகமெல்லாம் அங்கயும் உண்டா?

மிருகம் உண்டு, ஆனா இடம் மாறிடும், இங்கதான் நிறைய அடி விழுது. புத்தகப் புழுவ "வெர்மே"ன்னு போட்டா அது திட்டு, கேவலமான ஆளுன்னு அர்த்தம். இத்தாலியன்ல அந்த வேலைய எலி பாக்குது, "தோப்போ தி பிப்லியொத்தேக்கா", லைப்ரரி எலி. பொண்ணா இருந்தாலும் தோப்போதான், மாறாது. எலி வேணாம்னா "திவோரோ லீப்ரி", புக்கா விழுங்கறேன்.

ஆந்தை இன்னும் மோசம். "கூஃபோ" ஆந்தைதான், ஆனா அதுலேர்ந்து வந்த "குஃபாரே"ங்கற வினை, அடுத்தவன் தோக்கணும்னு கண்ணு வைக்கறதுக்கு, முக்கியமா மேட்ச்ல. நம்ம ஊர் பேச்சுலயும் ஆந்தைக்கு அபசகுனப் பேருதான், அதனால நமக்கு இது உடனே புரியும். ராத்திரி முழிக்கறவனுக்கு "நொத்தாம்புலோ" போடுங்க. பட்டாம்பூச்சியப் பெருசாக்கி "ஃபர்ஃபல்லோனே"ன்னு எழுதினீங்கன்னா, பொண்ணுங்க பின்னாடி ஒவ்வொரு பூவா தாவறவன்னு ஆயிடும். எல்லாரோடயும் கலகலன்னு பழகறவருக்கு "மோல்த்தோ சொச்சியேவொலே"ன்னு மிருகமே இல்லாம சொல்லிடுங்க.

மிருகம் இல்லன்னாலும் கவுச் பொட்டேட்டோவயும் இங்கயே முடிச்சிடறேன். "பதாத்தா"வுக்கு கொச்சையா வேற அர்த்தம் இருக்கு, சொல்ல மாட்டேன். அவங்க சொல்றது "பன்தொஃபொலாயோ", வீட்டு செருப்பக் கழட்டாதவன்.

"ஐ'ம் எக்ஸைட்டட்"ன்னு சொன்னதுக்கு க்ளாஸே சிரிச்சிடுச்சு, ஏன்?

"சோனோ எச்சித்தாத்தோ"ன்னு சொல்லியிருப்பீங்க. அகராதி அர்த்தம் சரி, ஆனா கேக்கறவங்க மனசு முதல்ல படுக்கையறைக்குத்தான் போகும். நானும் என் முதல் வருஷத்துல இதச் சொல்லி நின்னிருக்கேன், கான்சர்ட் டிக்கெட் கிடைச்ச சந்தோஷத்துல, எதிர்ல டீச்சரோட அம்மா. எதையாவது ஆவலா எதிர்பாக்கறீங்கன்னா "நொன் வேதோ லோரா", அந்த நேரம் எப்ப வரும்னு தெரியல. நூத்துக்குத் தொண்ணூறு இடத்துல இதுவே போதும்.

அடிக்டட், அப்ஸெஸ்ட், மேனியாக், இதெல்லாம் கிட்டத்தட்ட இத்தாலியன் வார்த்தை மாதிரியே இருக்கே, அப்படியே போடலாம்ல?

பாக்க ஒரே மாதிரி இருக்கறதுதான் வம்பு. "ஒஸ்ஸெஸ்ஸியொனாத்தோ" நிஜமான மன உளைச்சல் அளவுக்கு கனமானது, அதுக்குப் பதிலா மேல சொன்ன ஃபிஸ்ஸா குடும்பத்துல "ஃபிஸ்ஸாத்தோ கொன்" எடுத்துக்கோங்க. "திபென்தென்தே"ன்னா அடிமைப்பட்டவருன்னும் அர்த்தம், கம்பெனி ஊழியர்னும் அர்த்தம், கேக்கறவங்க எந்த கம்பெனின்னு கேப்பாங்க. ஜோக்கா சொல்லணும்னா "ட்ரொகாத்தோ தி செரியே", சீரீஸ் போதைல இருக்கேன்னு சொல்லலாம், நண்பர்கள்கிட்ட மட்டும்.

"மனீயாக்கோ"வ தனியா விட்டுடாதீங்க, தனியா நின்னா அது வக்கிரம் பிடிச்ச ஆளு. பின்னாடி எதோட மனீயாக்கோன்னு வந்தாத்தான் தப்பிக்கும், "மனீயாக்கோ தெல்லோர்தினே"ன்னா எல்லாம் ஒழுங்கா அடுக்கி இருக்கணும்னு உயிர எடுக்கறவன்.

"ஐ டாபிள் இன்"னு அடக்கமா சொல்லணும். ஏதோ கொஞ்சம் வாசிப்பேன், கொஞ்சம் எழுதுவேன்னு.

இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஏன்னா இத்தாலியன் இங்லீஷையே தூக்கிச் சாப்பிடற இடம் இது. தனி மரபுத்தொடரே தேவையில்ல, வினைச்சொல்லோட வாலையே முறுக்கிடுவாங்க. "லெஜ்ஜெரே" படிக்கறது, "லெஜ்ஜுக்கியாரே" அங்கங்க மேலோட்டமா கொஞ்சம் படிக்கறது. "கன்தாரே" பாடறது, "கன்திக்கியாரே" வாய்க்குள்ள முணுமுணுத்துப் பாடறது. "மன்ஜாரே" சாப்பிடறது, "மன்ஜுக்கியாரே" கொறிக்கறது. எழுதறதுக்கும் "ஸ்க்ரிபக்கியாரே" இருக்கு, ஆனா அது கிறுக்கறேன்ங்கற அளவுக்கு இறங்கும், உங்களப் பத்தி சொன்னா அடக்கம், அடுத்தவங்களப் பத்தி சொன்னா அவமானம்.

கிடாருக்கு தனியாவே ஒண்ணு, "ஸ்த்ரிம்பெல்லோ உன் போ லா கித்தார்ரா", ஏதோ டொய்ங் டொய்ங்னு தட்டுவேன். அந்த வார்த்தையச் சொல்லிப் பாருங்க, கத்துக்குட்டி தந்திய இழுக்கற சத்தமே கேக்கும். மொழின்னா மெல்லணும், "மாஸ்திக்கோ உன் போ தி ருஸ்ஸோ", ரஷ்யன் கொஞ்சம் மெல்லுவேன், அதாவது சமாளிப்பேன்.

ப்ளேங்கறதுக்கு எப்பவும் "ஜொக்காரே"தானே?

விளையாட்டுக்குத்தான். வாத்தியம்னா "சுவோனாரே". கிடார ஜொக்காரே பண்ணினா அத வச்சு ஏதோ கேம் ஆடறீங்கன்னு ஆகும். நீச்சல், யோகா மாதிரி விஷயத்துக்கு "ஃபாரே", செய்யறது, அவ்வளவுதான்.

"ஐ யூஸ்டு டு பி ரியலி இன்டு செஸ், பட் ஐ கைண்டா ஃபெல் அவுட் ஆஃப் இட்." இதுல பாதி வரைக்கும் வருது, பின்னாடி சிக்கிக்கிது.

சப்டைட்டில்ல எனக்கு நிஜமாவே இந்த மாதிரி வரி வந்துச்சு, ஒரு சாயந்திரம் முழுக்க தின்னுச்சு. முதல் பாதி சுலபம், பழைய வெறி, வந்து போனது, அதனால ஃபிஸ்ஸா: "உனா வோல்த்தா அவேவோ லா ஃபிஸ்ஸா தெல்யி ஸ்காக்கி". ரெண்டாவது பாதிக்கு முதல்ல "விழுந்துட்டேன்", அப்புறம் "வெளிய வந்துட்டேன்", அப்புறம் "ஆர்வத்த இழந்துட்டேன்"னு போட்டுப் பாத்தேன், மூணுமே ஏதோ அறிக்கை வாசிக்கற மாதிரி இருந்துச்சு, அந்தப் பாத்திரமோ தோளக் குலுக்கிட்டு சொல்றான்.

அப்புறம் நானே அத தமிழ்ல எப்படி சொல்லுவேன்னு யோசிச்சேன், "அப்புறம் விட்டுப்போச்சு". நான் விடல, அதுவா விட்டுப்போச்சு. அந்த நிமிஷம் இத்தாலியனும் வந்துடுச்சு, "போய் மி எ பஸ்ஸாத்தா". ஃபிஸ்ஸா பெண்பால்ங்கறதால பஸ்ஸாத்தா. காய்ச்சல் விட்டுப்போச்சுன்னு சொல்றதுக்கும் இதே வாக்கியம்தான், "மி எ பஸ்ஸாத்தா லா ஃபெப்ரே". நம்ம ஊர்லயும் காய்ச்சல் விடத்தானே செய்யுது. ஆர்வம் ஒரு வியாதின்னு மேல சொன்னது இங்க முழுசா உக்காருது, வந்தது காய்ச்சல் மாதிரி, போனதும் காய்ச்சல் மாதிரி. "கைண்டா"வ மொழிபெயர்க்கவே இல்ல, தேவையும் படல, அந்தத் தோள் குலுக்கல் ஏற்கனவே வாக்கியத்துக்குள்ள வந்துடுச்சு.

"ச்சி ஓ ப்ரேஸோ லா மானோ", "மி சோனோ ஃபாத்தோ ப்ரெந்தெரே லா மானோ", ரெண்டுலயும் கை இருக்கு, பிடிக்கறதும் இருக்கு, ஒரே அர்த்தமா?

கிட்டத்தட்ட எதிர் அர்த்தம். முதலாவது கை பழகிடுச்சு, இங்லீஷ்ல "காட் த ஹேங் ஆஃப் இட்". ரெண்டாவது கட்டுப்பாடு போயிடுச்சு, "காட் கேரீட் அவே". இது குதிரைலேர்ந்து வந்தது, சவாரி பண்றவன் கைய மீறி குதிரை இழுத்துட்டு ஓடறது. ரெண்டு செடி வாங்கப் போயி இருபது வாங்கிட்டு வந்தீங்கன்னா உங்களுக்கு ரெண்டாவதுதான் பொருந்தும்.

முதலாவதோட தங்கச்சி ஒண்ணு, "ச்சி ஓ ப்ரேஸோ கூஸ்தோ", ருசி கண்டுட்டேன். தமிழ்ல "ருசி கண்ட பூனை" சொல்றோமே, கிட்டத்தட்ட அது. முன்னாடி நிக்கற "ச்சி" சின்னதா இருக்கேன்னு விட்டுடாதீங்க, "அதுல"ங்கறத அதுதான் தூக்கிட்டு நிக்குது.

டென்னிஸ்ல ஒரு பந்து விட்டதுக்கு என்னை ஏன் குதிரை ரேஸுக்குப் போகச் சொன்னாங்க?

"தாத்தி அல்லிப்பிக்கா"ன்னு கத்தியிருப்பாங்க. உனக்கு இது வராது, போய் வேற வேலையப் பாருன்னு கிண்டல், குதிரைக்கும் உங்களுக்கும் சம்பந்தம் இல்ல. "தார்சி அ"ன்னா ஒண்ணுல இறங்கறது, "மி சோனோ தாத்தோ அல் ஜர்தினாஜ்ஜோ", தோட்ட வேலைல இறங்கிட்டேன், "டுக் அப்"புக்கு அருமையா வரும். அதே வினையத்தான் குதிரைப் பக்கம் திருப்பி விட்டிருக்காங்க. மொத்தமா விட்டுடறதுன்னா "அப்பெந்தெரே அல் கியோதோ", டென்னிஸ் மட்டையோ ஷூவோ ஆணில மாட்டிடறது.

"வாட்எவர் ஃப்ளோட்ஸ் யுவர் போட்"டுக்கு படகோட ஏதாவது இருக்கா?

படகு வேணாம். "கொன்தென்தோ து, கொன்தென்தி தூத்தி", உனக்கு சந்தோஷம்னா எல்லாருக்கும் சந்தோஷம். பெரும்பாலும் முதல் பாதியோட நிறுத்திடுவாங்க, "கொன்தென்தோ து...", அந்த இழுவைலதான் கேலி இருக்கு, "என்னமோ பண்ணு போ"ங்கற மாதிரி. கேலி வேணாம், நிஜமாவே அவங்கவங்க ரசனைன்னு சொல்லணும்னா "இ கூஸ்தி சோனோ கூஸ்தி". மரியாதைக்குரியவர்கிட்ட "து" போடக் கூடாது, "கொன்தென்தோ லெய்" ஆகணும், ஆனா அவ்வளவு மரியாதை குடுக்கற ஆள்கிட்ட இந்த வாக்கியத்த சொல்லாம இருக்கறதே நல்லது.

எனக்கு அதுல அக்கறையே இல்லன்னு சொல்லணும். "மெ நெ ஃப்ரேகோ" ஓகேவா?

வேணாம். முரட்டுத்தனமா இருக்கறது ஒரு பக்கம், இன்னொரு பக்கம் அது இத்தாலியோட பாசிஸ்ட்கள் கோஷமா வச்சிருந்த வாசகம், சில காதுக்கு இன்னிக்கும் அப்படித்தான் விழும். "நொன் மெ நெ ஃப்ரேகா நியென்தே" தெருப் பேச்சுல சகஜம்தான், ஆனா அதுவும் முகத்துல அடிச்ச மாதிரி. "நொன் மி ஃபா நே கால்தோ நே ஃப்ரெத்தோ", அது எனக்கு சூடும் பண்ணல குளிரும் பண்ணல, சிரிச்சுக்கிட்டே சொல்லிடலாம்.

அப்படியே தூக்கிப் போடக்கூடியது ஒண்ணு கூடவா இல்ல?

இருக்கு. தோட்டக்காரங்களோட "க்ரீன் தம்ப்", அதாவது செடி வளக்கற கைராசி, அப்படியே "பொல்லிச்சே வெர்தே", பச்சைக் கட்டைவிரல். சந்தோஷப்பட்டு உடனே, இனிப்புன்னா உயிர விடறதுக்குச் சொல்ற ஸ்வீட் டூத்தையும் "இனிப்புப் பல்"னு போட்டுடாதீங்க, அங்க "கொலோஸோ"ன்னு சொல்லணும், பல்லு இல்ல, தொண்டை.

கம்ப்யூட்டர் கீக்குக்கு என்ன சொல்றது?

"நெர்த்"னு இங்லீஷையே சொல்றாங்க. ஆனா எதையாவது கழட்டி மாட்டி நோண்டிட்டே இருக்கறவனுக்கு "ஸ்மனெத்தோனே"ன்னு ஒரு அழகான சொல். மனெத்தான்னா பைக்கோட ஆக்ஸிலரேட்டர் பிடி, அத முறுக்கு முறுக்குன்னு முறுக்கறவன் இப்ப கீபோர்டுக்கு வந்துட்டான். புக்கே கதின்னு கிடக்கற படிப்பாளி வேற, அவன் "செக்கியோனே".

இளசுங்க "குரங்கு ஏறிடுச்சு"ங்கறாங்களே, அது என்ன?

"மி எ சலீத்தா லா ஷிம்மியா". ஒரு புது கேமோ கேமராவோ வாங்கியே ஆகணும்னு மண்டைக்குள்ள அரிப்பு. ஒரு காலத்துல போதைப் பழக்கத்துக்குச் சொல்லிட்டிருந்த குரங்கு, இப்ப கடைக்குப் போயிடுச்சு. ஐம்பது வயசுக்காரர் வாய்ல வச்சா ஒட்டாது, சப்டைட்டில்ல வயசப் பாத்துப் போடுங்க.

எனக்கு ஸ்பானிஷ் தெரியும், "மி கூஸ்தா"ன்னா புரியாதா?

புரியும், ஸ்பானிஷ் கலக்கறீங்கன்னும் புரியும். டஸ்கனில "மி கார்பா"ன்னு கேப்பீங்க, அது அந்தப் பகுதியோட "பிடிச்சிருக்கு". ரசிச்சு வச்சுக்கோங்க, நீங்க சொல்ல வேணாம்.

பயோடேட்டால எழுதணும், இதுல எது தேறும்?

அப்பாஸ்ஸியொனாத்தோ தேறும். "மி இன்தெரேஸ்ஸோ தி" தேறும். "கொல்தீவோ லா பாஸ்ஸியோனே பெர்", ஆர்வத்த வளக்கறேன், பயிர் பண்ற மாதிரி, அதுவும் அழகா இருக்கும். மாத்தோ, ஃபிஸ்ஸா, குரங்கு, எலி எல்லாம் வீட்லயே இருக்கட்டும்.

இவ்வளவும் சரி, ஆனா காட்சிலயே டீ கப் இருந்தா? இங்லீஷ்ல அத வச்சு ஜோக் பண்ணினா?

இத ஒரு மாணவி கேட்டாங்க, நல்லா மாட்டிவிட்டாங்க. ஒருத்தி டீய உறிஞ்சிக்கிட்டே ஆபரா தன் கப் ஆஃப் டீ இல்லங்கறா, கப்ப தூக்கிக் காட்டி "இது மட்டும்தான்"ங்கறான்னு வைங்க. "நொன் ஃபா பெர் மே"ன்னு போட்டா அர்த்தம் வரும், கப்ப ஏன் தூக்கினான்னு யாருக்கும் தெரியாது. தந்திய இழுத்தாலும் அதே கதிதான்.

இங்க மட்டும் கப்ப விட்டுடலாம்னு சொன்னேன். "லோபெரா நொன் எ லா மியா தாத்ஸா தி தே. க்வெஸ்தா சி." ஆபரா என் டீ கப் இல்ல, இது ஆமா. டீ கேள்வில சொன்ன இங்லீஷ் வாடை இதுலயும் அடிக்கத்தான் செய்யும், ஆனா கைல நிஜமாவே கப் இருக்கறப்ப அந்த வாடை டீலேர்ந்து வருதுன்னு பாக்கறவங்க நினைச்சுக்குவாங்க.